முன் ஒட்டகத்தின் ஏலம்

பாலைவனத்து வானத்தின் விலை, ஒரு ராத்திரிக்கு, ஆளுக்கு ஐம்பது ரூபாய். நட்சத்திரங்கள் அதில் சேர்த்தி. ஒட்டகம் சேர்த்தி, ரொட்டியும் பருப்பும் சேர்த்தி. கம்பளிக்கு மட்டும் தனி. ஜெய்சல்மேர் கோட்டை வாசலில் ஒட்டகக்காரன் மிஸ்ரி கான் சொன்ன கணக்கு இது. சொல்லிவிட்டு, வானம் தன் பாட்டன் எழுதிவைத்த சொத்து மாதிரி அண்ணாந்து ஒரு தடவை பார்த்துக்கொண்டான்.

ரத்தினபாய் அந்த வானத்தை இருபத்திரண்டு ரூபாய்க்குக் கொண்டுவந்தாள். கம்பளியையும் உள்ளே இழுத்துப் போட்டாள்.

இதில் அவளுக்குப் பெருமை ஒன்றுமில்லை. பம்மல் தோல் ஷாப்புகளுக்கு ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டவர் அவள் அப்பா. பட்டை இல்லாமல் தோல் பதப்படாது. ஆனாலும் விலையைக் கேட்டதும் ஷாப்பு முதலாளிகள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மூட்டைமேல் சாய்ந்துவிடுவார்கள். அப்பா தண்ணீர் கொடுப்பார், விசிறிவிடுவார், குடும்பத்தையெல்லாம் விசாரிப்பார். விலையை மட்டும் குறைக்க மாட்டார். பாவாடை கட்டின வயதில் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இந்தக் கூத்தைப் பார்த்து வளர்ந்தவள் ரத்தினபாய். அந்த முதலாளிகளிடம் பொறுக்கிய உருதுதான் இங்கே கைகொடுத்தது. மிஸ்ரி கான், ‘வீட்டில் பச்சைக் குழந்தைகள் ஐந்து, மேம்சாப்’ என்று ஆரம்பித்ததும் அவளுக்கு ஊருக்கே வந்துவிட்டாற்போல் இருந்தது. ஆறாவது குழந்தை பிறப்பதற்குள் பேரத்தை முடித்தாள்.

ஆனால் அவள் மூன்று ராத்திரி ரயிலில் இடுப்பொடிய வந்தது ஒட்டகத்தைப் பார்க்க அல்ல. மாப்பிள்ளையைப் பார்க்க.

மாப்பிள்ளை பெயர் சுந்தர்சிங். இருபத்தெட்டு வயது, பாங்கில் வேலை, மூக்கடைப்பைத் தவிர வேறு கெட்ட பழக்கம் கிடையாது. அப்பா வில்பிரட், ரயில்வேயில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். கிழக்குத் தாம்பரத்தில் மாடி வீடு. ரத்தினபாயின் கணவர் தேவானந்தம் அவருக்குக் கீழே ஹெட்கிளார்க்காக இருந்தவர். வில்பிரட் ரிட்டையராகி இரண்டு வருஷம் ஆகிறது. இன்னமும் அவரைக் கண்டால் தேவானந்தத்தின் கை தானாக ஒரு ஃபைலைத் தேடும். சர்ச்சில்கூட அவர் உட்கார்ந்த பிறகுதான் இவர் உட்காருவார். அந்த வில்பிரட்டே வாய் திறந்து, “ஏம்பா தேவானந்தம், உன் பொண்ணு கிருபாவை என் பையனுக்கு எடுக்கலாம்னு இருக்கேன்” என்றபோது இவர் சொன்ன பதில், “நீங்க சொன்னா சரி சார்.” அதை எழுந்து நின்று சொன்னார் என்பது ரத்தினபாய்க்குப் பிற்பாடு தெரிந்தது.

கிருபா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சுந்தர்சிங்கை இரண்டு தடவை பார்த்திருக்கிறாள். இரண்டு தடவையும் அவள் அவனைக் கேட்டாள். வில்பிரட் பதில் சொன்னார். “காபிக்குச் சர்க்கரை போதுமா?” என்பதற்குக்கூட அவர்தான், “போதும், அவனுக்கு எல்லாம் போதும்” என்றார்.

இந்த நிலையில் வில்பிரட் குடும்பம் ராஜஸ்தான் பார்க்கக் கிளம்பியது. ‘நீங்களும் வாங்க, ரெண்டு குடும்பமும் பழகின மாதிரி இருக்கும்’ என்று உத்தரவு வந்தது. கிருபாவுக்குப் பள்ளிக்கூடத்தில் லீவு இல்லை. புறப்படுகிற அன்று அம்மாவைச் சமையல்கட்டுக்குள் நிறுத்தி வைத்துச் சொன்னாள்:

“அம்மா, எனக்கு அழகு, சம்பளம் ஒண்ணும் வேணாம். அந்த அப்பா பக்கத்துல இருக்கும்போது இவரா ஒரு வார்த்தை சொந்தமாப் பேசுறாரான்னு மட்டும் பார்த்துட்டு வா. ஒண்ணே ஒண்ணு. பேசினாருன்னா நான் ரெடி.”

“பேசலேன்னா?”

“பேசலேன்னா, அப்பாவை அந்த சார்கிட்ட வேணாம்னு சொல்ல வைக்கிறது உன் பொறுப்பு.”

இரண்டாவதுதான் கஷ்டம் என்று ரத்தினபாய்க்கு அப்போதே பட்டது.

ரயிலிலேயே சோதனை ஆரம்பமாகிவிட்டது. வில்பிரட்டுக்கு முதல் வகுப்புப் பாஸ்; அவரும் மனைவி மெட்டில்டாவும் அதில். தேவானந்தத்துக்கு இரண்டாம் வகுப்புப் பாஸ். வளர்ந்து வேலைக்குப் போகும் மகனுக்கு எந்தப் பாஸும் கிடையாது, காசு கொடுத்து டிக்கெட் வாங்க வேண்டும். ஆனால் அதிகாரிகளின் பாஸில் ஒரு சலுகை உண்டு: கூடவே ஓர் அட்டெண்டன்ட், அதாவது எடுபிடி ஆள், இரண்டாம் வகுப்பில் ஓசியாக வரலாம். வில்பிரட் யோசித்தார். பெற்ற பிள்ளையை எடுபிடியாக எழுதிவிட்டார்.

இப்படியாக, வருங்கால மாப்பிள்ளை மூன்று ராத்திரியும் மாமியார் எதிரில் வேலையாளாக உட்கார்ந்து வந்தான். டிக்கெட் பரிசோதகர் பாஸைப் பார்த்தார், அவனுடைய டெரிகாட்டன் சட்டையைப் பார்த்தார், கையில் கட்டின கடிகாரத்தைப் பார்த்தார்.

“நீதான் அட்டெண்டன்ட்டா?”

சுந்தர்சிங் தலையை ஆட்டினான். அது தலைதான், வார்த்தை இல்லை. ரத்தினபாய் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

“அப்போ இங்க ஏன் கால் நீட்டிக்கினு கீற? போய் ஐயாவுக்குத் தண்ணி இன்னா ஏதுன்னு கேளு போ” என்றார் பரிசோதகர், வில்லிவாக்கத்துக்காரர். அவன் போனான். போனவன் நிஜமாகவே தண்ணீர் பிடித்துக் கொடுத்துவிட்டு வந்தான்.

சாப்பாட்டு வேளைக்கு மட்டும் முதல் வகுப்பு இரண்டாம் வகுப்பைத் தேடி வரும். மெட்டில்டா ரத்தினபாயின் புளியோதரையை நாலு கை எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, “ரத்தினம், கொஞ்சம் காரம் தூக்கல்” என்று குறை சொல்லிவிட்டு, மீதியைக் காரத்தோடு சேர்த்துப் பொட்டலம் கட்டிக்கொண்டு போவாள். போகும்போது மகன் தலையைத் தடவி, “எங்க சுந்தர் ரொம்ப அடக்கம்” என்பாள். அடக்கம் என்ற சொல்லுக்குக் கல்லறையிலும் வேலை உண்டு என்று ரத்தினபாய் நினைத்துக்கொண்டாள்.

இனி ஜெய்சல்மேர். பேரம் முடிந்தது, ஒட்டகத்துக்கு இருபத்திரண்டு, ஐந்து ஒட்டகம். அதோடு எல்லாரும் ஏறி உட்கார்ந்திருந்தால் இந்தக் கதைக்கு இடமே இருந்திருக்காது.

ஐந்தில் ஒன்று உயரம். வெளிர் நிறம், கழுத்தில் மணி, முதுகுத் துணியில் கண்ணாடிச் சில்லுகள். அதுதான் முன்னால் போகும்; மற்ற நாலும் கயிற்றில் பின்னால் போகும். வில்பிரட் அதன் பக்கத்தில் போய் நின்றார். இடுப்பில் கை வைத்தார்.

“முன்னால போறது நான். இருபத்தஞ்சு!” என்றார்.

யாரும் அவரைக் கேட்கவில்லை. மிஸ்ரி கானுக்கு விளங்கவுமில்லை. ஆனால் தேவானந்தத்துக்கு விளங்கியது. அவர் உடம்பு விறைத்தது. கை உயர்ந்தது.

“முப்பது!”

இதைப் புரிந்துகொள்ள அவர்களுடைய சர்ச்சின் அறுப்பின் பண்டிகையைத் தெரிந்திருக்க வேண்டும். ஜனங்கள் முதல் விளைச்சல் என்று வாழைத்தார், பூசணிக்காய், கோழி கொண்டுவந்து படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் எல்லாம் ஏலத்துக்கு வரும். அங்கே பொருளுக்காக யாரும் கேட்பதில்லை, பெயருக்காகக் கேட்பது. பெரிய மனிதர் ஒருவர் ஒரு விலை சொன்னால், அவருடைய ஆள் ஒருவன் எதிரே நின்று விலையை ஏற்றிக் கொடுப்பான், ஐயா ஜெயிப்பது பெரிய ஜெயமாகத் தெரிவதற்காக. வில்பிரட்டுக்கு அந்த ஆள் பதினைந்து வருஷமாகத் தேவானந்தம்தான். போன அக்டோபரில் எட்டு ரூபாய் பெறாத ஒரு சேவலை இவர் ஏற்ற, அவர் நாற்பத்தொன்றுக்கு எடுத்தார். எடுத்ததும் கையை ஒரு வீசு வீசி, “எழுதிக்கோ!” என்றார். எழுதிக்கொள்வார்கள், பணம் சௌகரியம் போல வரும். வில்பிரட்டின் சௌகரியம் இன்னும் வந்தபாடில்லை. சேவல் மட்டும் அன்றைக்கு மத்தியானமே மசாலாவில் போய்ச் சேர்ந்தது.

அதே இருவர், அதே மிடுக்கு, ஆயிரக்கணக்கான மைல் தாண்டி, ஒட்டகத்தின் முன்னால்.

“முப்பத்தஞ்சு!” என்றார் வில்பிரட்.

“நாப்பது!” என்றார் தேவானந்தம்.

“என்னங்க, யாரை எதிர்த்துக் கேக்குறீங்க?” ரத்தினபாய் பல்லைக் கடித்தாள். “விக்கிறவனே வாயைத் திறக்கல. இருபத்திரண்டுக்கு முடிஞ்சுபோன சரக்கு!”

“நீ சும்மா இரு. சாருக்கு ஒரு இது வேணாமா?”

“எது?”

தேவானந்தத்துக்கு எது என்று தெரியவில்லை. “நாப்பத்தஞ்சு!” என்றார்.

மிஸ்ரி கான் முதலில் பயந்தான். வெயிலில் வந்தவர்களுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று தண்ணீர்த் தோல்பையை அவிழ்க்கப் போனான். பிறகு ரத்தினபாயைப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் விஷயம் பிடிபட்டது. தோல்பையைக் கீழே வைத்தான். கல்மேல் உட்கார்ந்தான். ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டான். வாங்குபவனே விலையை ஏற்றும் சந்தை ஒன்று உலகத்தில் எங்கோ இருக்கிறது என்றும், அந்த ஊர்க்காரர்கள் இன்றைக்குத் தன்னைத் தேடி வந்திருக்கிறார்கள் என்றும் அவன் அல்லாவுக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும்.

பீடி முடிகிற நேரத்தில் விலை எழுபதில் நின்றது. வில்பிரட் தொண்டையைச் செருமினார்.

“எழுபத்தஞ்சு!” கையை வீசினார். “எழுதிக்கோ!”

மிஸ்ரி கான் எழுந்து வந்து உள்ளங்கையை நீட்டினான். ரத்தினபாய் மொழிபெயர்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. வில்பிரட் அந்தக் கையை வெறுப்போடு பார்த்தார். சர்ச்சில் இப்படி யாரும் நீட்டியதில்லை. மெட்டில்டாவின் கைப்பையைத் துழாவி இருபது ரூபாய் எடுத்துக் கொடுத்து, “மிச்சம் அப்புறம்” என்றார்.

இத்தனை நேரமும் சுந்தர்சிங் ஃபிளாஸ்க்கைத் தோளில் மாட்டிக்கொண்டு கடைசி ஒட்டகத்தின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். ரத்தினபாய் அவனைப் பார்த்தாள். ‘அப்பா, எதுக்கு இது?’ என்று ஒரு வார்த்தை. மூன்று சொல். போதும். அவன் ஃபிளாஸ்க்கின் மூடியைத் திருகி இறுக்கினான்.

ஒட்டகச் சவாரியைப் பற்றி அதில் போகாதவர்கள் நிறையப் பேசுவார்கள். போனவர்கள் உட்கார இடம் தேடுவார்கள். ரத்தினபாய்க்கு அது, வண்டலூர்ப் பக்கத்து மேட்டுப் பள்ளத்தில் ஸ்பிரிங் போன லாரியின் மேல் மூட்டையாகப் போவது போல இருந்தது. முன்னால் வில்பிரட் தொப்பி போட்டுக்கொண்டு குலுங்கிக் குலுங்கிப் போனார். இரண்டு பக்கமும் கண்ணுக்கு எட்டின மட்டும் மணல். சூரியன் இறங்கி, மணல்மேடெல்லாம் மஞ்சள் பூசிக்கொண்ட மாதிரி ஆனபோது, இவ்வளவு பெரிய காட்சியைப் பார்த்து அவர் சொன்ன ஒரே வார்த்தை:

“ஏம்பா தேவானந்தம், இந்த நிலம் மட்டும் கோவிலம்பாக்கத்துல இருந்தா கல்லு நட்டு கிரவுண்டு போட்டு வித்திருக்கலாம்.”

“ஆமா சார்” என்றார் தேவானந்தம், நாக்கைக் கடித்துக்கொள்ளாமல் சொல்ல முடிந்தவரை.

மணல்மேட்டின் அடிவாரத்தில் இறங்கினார்கள். மிஸ்ரி கான் சுள்ளி பொறுக்கி ரொட்டி சுட்டான். ரொட்டியில் மணல் கடித்தது. பருப்பில் கடிக்க ஒன்றுமே இருக்கவில்லை. படுக்கும்போது மெட்டில்டா, “தாம்பரம் சானடோரியத்துலகூட இவ்வளவு குளிர் கிடையாதும்மா” என்று சொல்லி இரண்டு கம்பளியை இழுத்துக்கொண்டாள். இரண்டாவது யாருடையது என்று கேட்க வேண்டியதில்லை. சுந்தர்சிங் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஒட்டகங்களின் பக்கமாகப் போய்ப் படுத்தான்.

நட்சத்திரங்கள் வந்திருந்தன. இருபத்திரண்டு ரூபாய்க்கு அதிகம்தான். ரத்தினபாய் பார்த்துக்கொண்டே கிடந்தாள். சார், சார் என்று தேவானந்தம் தூக்கத்திலும் எதையோ ஒப்புக்கொண்டிருந்தார். அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது. யாரோ தமிழில் பேசினார்கள். தாழ்ந்த குரல், நல்ல குரல், ஒரு குறும்பும் சிரிப்பும் உள்ள குரல். இதற்கு முன் அவள் கேட்டே இராத குரல்.

“உனக்காவது பரவாயில்ல மச்சான். மூக்குல கயிறு போட்டு இழுத்தாத்தான் போறே. எனக்குக் கயிறுகூட வேணாம். பேரைச் சொன்னா போதும், போயிடுவேன்.”

ஒட்டகம் அசை போட்டது.

“இன்னைக்கு உங்க ஆள் ஒருத்தர் என் பேரைக் கேட்டாரு. சுந்தர்சிங்னேன். சிங்கா, தலைப்பாகை எங்கேன்னாரு. தலையே இல்ல, தலைப்பாகைக்கு எங்க போறதுன்னு சொல்லணும்னு இருந்துச்சு… அந்தப் பொண்ணு கேட்டுச்சுடா, சர்க்கரை போதுமான்னு. போதல, இன்னும் ஒரு ஸ்பூன் போடுங்கன்னு சொல்லியிருக்கணும். ரெண்டு மாசமா அதையே நினைச்சுக்கிட்டிருக்கேன். ஒரு ஸ்பூன் சர்க்கரை மச்சான்.”

ரத்தினபாய் கம்பளிக்குள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். பையனுக்கு வாய் இருக்கிறது! நகைச்சுவைகூட இருக்கிறது. சரக்கு நல்ல சரக்கு. மேலே போட்டிருக்கும் சாக்குதான் மட்டம். பட்டைக் கடையில் இப்படி எத்தனை மூட்டையை அப்பா குத்தூசி போட்டுப் பார்த்து எடுத்திருக்கிறார். கிருபாவிடம் போய்ச் சொல்ல வார்த்தைகளைக்கூட அவள் அடுக்கத் தொடங்கினாள். ஒன்று மட்டும் பாக்கி. கிருபா சொன்னது, அப்பா பக்கத்தில் இருக்கும்போது.

அதற்கான சந்தர்ப்பம் விடிந்ததும் வந்தது.

ஒட்டகங்கள் தயாராயின. மிஸ்ரி கான் கிளம்புவதற்கு முன்னால் கணக்கைத் தீர்க்க வந்தான். ரத்தினபாய் தன் இரண்டு ஒட்டகத்துக்கும் கொடுத்தாள். மெட்டில்டா முனகிக்கொண்டே தனக்கும் மகனுக்கும் கொடுத்தாள். மிஸ்ரி கான் வில்பிரட் பக்கம் திரும்பினான்.

“இன்னும் ஐம்பத்தைந்து, சாப்.”

“என்ன ஐம்பத்தஞ்சு? எல்லாருக்கும் இருபத்திரண்டுதானே? இருபது கொடுத்தாச்சு. இந்தா, ரெண்டு ரூபா.”

ரத்தினபாய் வில்பிரட் சொன்னதை உருதுவில் சொன்னாள். மிஸ்ரி கான் சண்டை போடவில்லை. “நானா ஏற்றினேன்? நான் பீடி குடித்துக்கொண்டிருந்தேன். இவர்கள் ஏற்றினார்கள்” என்றான்.

“சரி, எழுதிக்கச் சொல்லு. ஊருக்குள்ள போய்ப் பார்த்துக்கலாம்.”

“எதில் எழுத, சாப்? மணலிலா?”

ரத்தினபாய் இதை ஒரு சொல் குறையாமல் மொழிபெயர்த்தாள். வில்பிரட் திரும்பிக்கொண்டார். மிஸ்ரி கான் இரண்டு ரூபாயைத் தொடவில்லை. நேற்று கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தே வந்தவன், இன்றைக்கு மணியும் கண்ணாடியும் வைத்த முன் ஒட்டகத்தின் மேல் தானே ஏறி உட்கார்ந்துகொண்டான். ஒட்டகம் எழுந்தது. ஏறின உயரத்திலிருந்து, வேறொன்றும் வேண்டாம் என்பது போலச் சாப்பைக் கீழே பார்த்தான்.

மற்றவர்களும் ஏறிவிட்டார்கள்; வில்பிரட் மட்டும் மணலில் நின்றார். அவருக்கு ஒட்டகம் இல்லை. சுற்றிலும் பார்த்தார். தேவானந்தம் தன் ஒட்டகத்திலிருந்து இறங்கக் காலைத் தூக்கினார். ரத்தினபாய் அவரைப் பார்த்த பார்வையில் கால் அந்தரத்திலேயே நின்றது. வில்பிரட்டின் கண் கடைசி ஒட்டகத்துக்குப் போயிற்று.

“சுந்தர். இறங்கு.”

எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். ரத்தினபாய் மனசுக்குள் அவனை உந்தினாள். இப்போது சொல். ராத்திரி பேசின அந்த வாயால் சொல். முடியாதென்று சொல்ல வேண்டாம். ‘பணத்தைக் கொடுத்துடுங்கப்பா’ என்று சொல். ‘நாம மாத்தி மாத்திப் போலாம்’ என்று சொல். ஒரு ஸ்பூன் சர்க்கரை அளவுக்கு ஏதாவது.

“சரிப்பா” என்றான் சுந்தர்சிங். இறங்கினான். அப்பா ஏறுவதற்கு முழங்காலை முட்டுக்கொடுத்தான்.

கொஞ்ச தூரம் போனதும் ரத்தினபாய் ஒட்டகத்தை நிறுத்தச் சொல்லி இறங்கினாள். இடுப்பு வலிக்கிறது, நடந்து வருகிறேன் என்றாள். கணுக்கால் வரை மணல். சுந்தர்சிங் ஃபிளாஸ்க்கோடும் அம்மாவின் பையோடும் கடைசியில் வந்துகொண்டிருந்தான். அவனோடு சேர்ந்துகொண்டாள். நல்ல வியாபாரி கடைசித் தடவையாக ஒரு விலை சொல்லிப் பார்ப்பான்.

“தம்பி, ராத்திரி நீ பேசினதைக் கேட்டேன்.”

அவன் நின்றுவிட்டான். முகம் வெளுத்தது.

“நல்லாத்தான் பேசினே. கிருபாவுக்கும் இப்படிப் பேசுறவங்களைப் பிடிக்கும். அதுக்கு வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. இப்போ உங்கப்பாவைக் கூப்பிட்டு, கால் வலிக்குதுப்பான்னு சொல்லு. அவரு இறங்கக்கூட வேணாம். நீ சொன்னேன்னு இருந்தாப் போதும்.”

அவன் முன்னால் பார்த்தான். கடைசி ஒட்டகத்தின் மேல் அப்பாவின் முதுகு ஆடிக்கொண்டு போயிற்று. அவன் உதடு திறந்தது. மூடியது. மறுபடியும் திறந்தது. அவள் நடப்பதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள்.

“ஆன்ட்டி” என்றான் மெதுவாக. “நான் ஒட்டகத்துகிட்ட பேசினதை அப்பாகிட்ட சொல்லிடாதீங்க.”

பத்து நாள் பயணத்தில் அவனாக, சொந்தமாக, யாரும் கேட்காமல் அவளிடம் சொன்ன வார்த்தை அது ஒன்றுதான்.

“சொல்ல மாட்டேன் தம்பி” என்றாள்.

“சுந்தர்! ஃபிளாஸ்க்!” என்று முன்னாலிருந்து சத்தம் வந்தது. அவன் மணலில் ஓடினான்.

தாம்பரம் வந்து சேர்ந்த மூன்றாம் நாள், ஜெய்சல்மேரில் ராஜ வம்சத்தார் பார்த்து மரியாதையாகக் கொடுத்த முன் ஒட்டகத்தில் வில்பிரட் போனார் என்பது கிழக்குத் தாம்பரம் முழுவதும் தெரிந்திருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் வில்பிரட்டே வந்தார்.

“நாளைக்கு ஆராதனை முடிஞ்சதும் குருவானவரைப் பார்த்து நிச்சயத்துக்குத் தேதி வாங்கிடுவோம்.”

“சரி சார்” என்றார் தேவானந்தம், எழுந்து நின்று.

அவர் போனதும் கிருபா சமையல்கட்டில் அம்மாவைப் பிடித்துக்கொண்டாள்.

“பேசினாராம்மா?”

“பேசினான். ரொம்ப அழகாப் பேசினான். ஒட்டகத்துகிட்ட.” நடந்ததைச் சொன்னாள். வில்பிரட்டிடம் சொல்ல மாட்டேன் என்றுதான் வாக்கு.

சர்க்கரை விஷயம் வந்தபோது மட்டும் கிருபா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு, “பாவம்தான்மா. ஆனா அவர்கிட்ட ஒரு பேச்சு கேக்கணும்னா நான் நாலு காலோட நிக்கணுமே” என்றாள். “அப்பாகிட்ட சொல்லு. உன் பொறுப்பு.”

சொன்னாள். தேவானந்தத்துக்கு வியர்த்தது. “நான் எப்படி வேணாம்னு சொல்றது? சார் என்னமாவது நினைச்சுப்பாங்க. பதினஞ்சு வருஷம்!”

“நீங்க வாயே திறக்க வேணாம்” என்றாள் ரத்தினபாய். அலமாரியிலிருந்து ஒரு கவரை எடுத்தாள்.

அந்தச் சர்ச்சில் ஒரு வழக்கம். கர்த்தர் செய்த நன்மைக்காகக் காணிக்கை கொடுக்க விரும்புகிறவர்கள், கவரின் மேல் பெயரையும் காரணத்தையும் எழுதி, தொகையை உள்ளே வைத்து, ஆராதனைக்கு முன் உபதேசியார் ஏசுபாதத்திடம் கொடுக்க வேண்டும். பிரசங்கத்துக்கு முன்னால் அவர் அதைச் சபை முழுக்கக் கேட்க வாசிப்பார். மஞ்சள்காமாலை போனதற்கும், மாடு கன்று போட்டதற்கும், மகன் பரீட்சையில் பாஸானதற்கும் அவருக்கு ஒரே குரல். எழுதியிருப்பதை வாசிப்பார், அதற்கு மேல் யோசிப்பது குருவானவர் வேலை என்று அவர் கட்சி.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். வில்பிரட் முன் வரிசையில், பக்கத்தில் சுந்தர்சிங். பின்னால் தேவானந்தம். ஏசுபாதம் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

“ஸ்தோத்திர காணிக்கை. ஞானம்மாள், கால் வீக்கம் வற்றினதற்காக, ரூபாய் இரண்டு. திரு வில்பிரட் குடும்பத்தார், பாலைவனப் பயணத்தில் காத்து வழிநடத்தினதற்காக, ரூபாய் ஐந்து.”

வில்பிரட் லேசாகத் தலையைத் திருப்பி, சபை கேட்டதா என்று பார்த்துக்கொண்டார்.

“திரு தேவானந்தம், ரத்தினபாய் குடும்பத்தார். பாலைவனத்துக்குப் போகாத மகள் கிருபாவை, பாலைவனத்துக்குப் போகாமலே காத்ததற்காக, ரூபாய் ஐம்பத்தைந்து.”

 பெண்கள் பக்கத்தில் ஒரு சலசலப்பு ஓடியது; கடைசி வரிசையில் யாரோ இருமி எதையோ மறைத்தார்கள். மெட்டில்டா முந்தானையைச் சரிசெய்தாள், மறுபடி சரிசெய்தாள். ஐம்பத்தைந்து என்ற எண் காதில் விழுந்ததும் வில்பிரட்டின் கழுத்து சிவந்தது; குருவானவரிடம் தேதி வாங்கும் பேச்சு அதோடு முடிந்தது. அவர் மெள்ளத் திரும்பித் தேவானந்தத்தைப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் தேவானந்தம் பழக்கதோஷத்தில் எழுந்துவிட்டார். எழுந்தவருக்கு மேற்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. பாட்டுப் புத்தகத்தை எடுத்துத் தலைகீழாகப் புரட்டினார்.

“ஏம்மா, ஐம்பத்தஞ்சா கொடுத்தே?” என்று கிருபா காதோடு கேட்டாள்.

“மலிவுடி” என்றாள் ரத்தினபாய்.

சுந்தர்சிங் மட்டும் யாரையும் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் உதடு அசைந்தது. ஆனால் பக்கத்தில் ஒட்டகம் ஏதும் இல்லை.

ஏசுபாதம் கவர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். அதே குரலில் முடித்தார்:

“இந்த வாரம் ஸ்தோத்திர காணிக்கை ஆக மொத்தம் ரூபாய் அறுபத்திரண்டு. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் இன்னும் வராத பாக்கி, ஒரு சேவல்.”